ஆறு குடுவைகளும் ஒரு கோடும்

மதியம் இரண்டு மணிக்குக் கணக்குக்காரி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். பின்னே என்ன? சோப்பில் கலக்கும் ஒரு வாசனைத் திரவம் தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகும் என்று கணினியில் கணக்குப் போட்டு, ஐந்து மணி நேரத்தில் நாற்பது சதவீதம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி முன்கூட்டியே நிறுவனத் தலைவரிடம் கொடுத்துவிட்டாள். ஆய்வகத்தின் அளவு அதோடு பொருந்தினால் அவளுடைய கணினிப் பிரிவு பிழைக்கும். பொருந்தாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்குக் கிடைக்கப்போவது லேபிள் அச்சடிக்கும் வேலை. தலைவருக்குக் கணினிக் கணக்கென்றாலே வேப்பங்காய்.

இப்போது ஆய்வகம் அனுப்பிய சராசரி இருபத்திரண்டு!

அளந்தது யார்? வேறு யார், அவள் கணவனின் அக்காதான். ஆய்வகத்தில் எல்லோரும் அவளைத் தராசு என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொட்டுகூடத் தவறியதில்லை என்று பெயர். வீட்டில் உப்பைக்கூட நிறுத்துப் போடுகிற ஆள்.

கணக்குக்காரி ஓடினாள். கறுப்புத் துணி மூடிய மேசையில் ஆறு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துண்டுத் தோல், அதன் மேலே திரவம். வெளிச்சம் பட்டால் திரவம் கெட்டுவிடும் என்றுதான் துணி. தோலைத் தாண்டிக் கீழே இறங்குவதை மணிக்கொரு முறை, துணியைத் தூக்காமலே, பக்கவாட்டுக் குழாயால் உறிஞ்சி அளப்பாள் தராசு.

"அண்ணி, சராசரி வேண்டாம். ஒவ்வொரு குடுவையோட எண்ணையும் தனித்தனியா குடுங்க."

"ஏன், நான் கூட்டினது தப்பாயிடுச்சா?"

"ஐயோ அண்ணி, கோவிச்சுக்காதீங்க!"

முணுமுணுத்துக்கொண்டே தாளை நீட்டினாள் தராசு. பன்னிரண்டு, பதின்மூன்று, பதின்மூன்று, பதினான்கு. அப்புறம்? நாற்பது, நாற்பத்தொன்று!

கணக்குக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே தோல், ஒரே திரவம். இரண்டு குடுவைகள் தன் கணினி வரைந்த கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, நான்கு மட்டும் பாதாளத்தில். உள்ளே போகாதது எங்கே போயிருக்கும்? காற்றிலா? தன் அறைக்குப் பறந்து, கணக்கில் 'மேல்பக்கம் மூடியது' என்றிருந்ததைத் 'திறந்தது' என்று மாற்றிப் பொத்தானைத் தட்டினாள். வேறெதையும் தொடவில்லை. கோடு மெல்ல ஏறியது, வளைந்தது, ஐந்தாம் மணியில் பதின்மூன்றில் வந்து நின்றது.

"அடி சக்கை!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுபடி ஓட்டம். மூச்சு வாங்கியது. "அண்ணி... உங்க நாலு குடுவைக்கு மூடி இல்ல!"

"என்ன உளர்றே? நான் மூடாம விடுவேனா?"

"கணக்கு சொல்லுது அண்ணி. துணியத் தூக்கிப் பாருங்களேன்!"

தராசு ஒரு முறை முறைத்துவிட்டு, நுனியைப் பிடித்து விர்ரென்று துணியை உருவினாள். இரண்டு குடுவைகளில் மூடி. நான்கில் வெறும் வாய், திரவம் காய்ந்து போய். மேசைக்கு அந்தப் பக்கம் தட்டில் நான்கு மூடிகள் அம்போ என்று கிடந்தன.

தராசின் முகம் வெளிறியது. "ரெண்டு போட்டேன்... போன் வந்துச்சு..."

கணக்குக்காரிக்குச் சுரீர் என்றது. காலையில் குழந்தையின் மருந்துப் பாட்டில் எங்கே என்று கேட்டு போன் செய்தது அவளேதான்.

நான்கு மணிக்குத் தலைவர் வந்தார். உறையைப் பிரித்தார், நாற்பதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். தராசு பதிவேட்டை எடுத்து எழுதினாள்: 'நான்கு குடுவைகளுக்கு மூடி போடவில்லை. தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து.

"சார், நான்தான் அப்போ போன்..." என்று ஆரம்பித்தாள் கணக்குக்காரி.

"நீ சும்மா இரு. குடுவை என் பொறுப்பு."

தலைவர் நம்பாமல் இருவரையும் பார்த்தார். "துணி மூடியிருந்துச்சே, எப்படித் தெரிஞ்சுது?"

"இவ பாக்கவே இல்ல சார். அந்த அறையில உக்காந்து கணக்குப் போட்டே சொன்னா. மூடி போட்ட ரெண்டும் அவ உறையில எழுதினபடி. போடாத நாலும் அவ கணக்குப்படி. இதுக்கு மேல என்ன வேணும்?"

தலைவர் அந்த நான்கு மூடிகளில் ஒன்றை எடுத்து வெறும் குடுவையின் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு, "பிரிவு இருக்கட்டும்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் கணக்குக்காரி குதித்தே விட்டாள். தராசு சிரிக்கவில்லை. கழுவுவதற்காகக் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நாளைக்கு மறுபடி வைக்கணும். காலையில வந்து பக்கத்துல நில்லு" என்றாள். "நான் மூடி போடறத நீ எண்ணு."

வாழ்நாளில் யாரையும் தன் வேலையைச் சரிபார்க்க விட்டவள் இல்லை அண்ணி. கணக்குக்காரிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சரி அண்ணி" என்றாள்.