உறைக்குப் போன குப்பி

ஆய்வகக் குளிர்பெட்டி மழையில் பழுதானதும், அழியாமல் தப்பிய ஒரே குப்பியை ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுவந்து வைத்தேன். அதில் பாலில் வளர்த்த என் பாக்டீரியா இருந்தது. இரண்டு வருட ஆராய்ச்சி. அதை மனிதக் குடல் செல்களின்மேல் விட்டு, நோய்க்கிருமியிடமிருந்து காக்கிறதா என்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. செல்கள் புனேயிலிருந்து வந்து காத்திருந்தன.

சனிக்கிழமை காலை குப்பி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அம்மா, இதுல இருந்தது எங்க?"

"உறைமோர்தானேடி? நம்மாத்துல தீந்துடுத்து, அதை விட்டேன். ரெண்டு நாளா தயிர் கெட்டியா தோயறது, பாத்தியோ?"

அப்பா தட்டை வழித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது பேசாதவர், விரலை நக்கிவிட்டுச் சொன்னார்: "வயித்தெரிச்சலே இல்ல, ரமா."

என் ஆய்வகத் தோழி அமலராணியின் வீட்டில், பன்றி இறைச்சியை உப்பும் பூண்டும் போட்டுப் புளிக்கவைப்பார்கள். அதிலிருந்து பிரித்த பாக்டீரியா அது. வாயைத் திறந்தால் அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

"மிச்சத் தயிர் எங்க?"

"பாத்திரம் தேய்ச்சாச்சே. பால்கார கிளியம்மா நேத்து உறை கேட்டா, ஒரு கரண்டி குடுத்தேன்."

ஈரத் தலையோடு ஓடினேன்.

"இன்னா ரமாம்மா, பேய் தொர்த்துதா?" என்றாள் கிளியம்மாள்.

"தயிர் இருக்கா அக்கா?"

"எங்க கீது? எங்க வூட்டு ஆளு சட்டியக் கட்டிப் புட்சிக்கினு கீது."

உள்ளே அவள் கணவர் ஜெயவேலு நிஜமாகவே சட்டியை மடியில் வைத்திருந்தார்.

"அண்ணா, ஒரு ஸ்பூன்!"

"இம்மாம் படிச்சிட்டு தயிருக்கு வந்து நிக்கிறியேம்மா!" சட்டியைச் சாய்த்தார். அடியில் இரண்டு ஸ்பூன். ஒன்று எனக்கு. மற்றதைக் கிளியம்மாள் அவரிடமிருந்து பிடுங்கி, அன்றைய பாலுக்கு உறை விட்டாள்.

ஆய்வகத்தில், உப்பு மிகுந்த வளர்ப்புத் தட்டில் என் பங்கைத் தீற்றினேன். வீட்டுத் தயிரின் கிருமிகள் அவ்வளவு உப்பில் வளராது. இறைச்சியில் வளர்ந்தது வளரும். திங்கட்கிழமை வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நோய்க்கிருமியை மட்டும் விட்ட தட்டில் குடல் செல்கள் பிய்ந்து மிதந்தன. முதலில் என் பாக்டீரியாவையும் பிறகு நோய்க்கிருமியையும் விட்ட தட்டில் ஒன்றுகூடப் பெயரவில்லை. அமலராணியும் நானும் மேசையைச் சுற்றிக் குதித்ததில் ஒரு முக்காலி சாய்ந்தது.

அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். கிளியம்மாள் திருப்பிக் கொடுத்த உறையில் தோய்ந்த தயிர் அப்போது அப்பாவின் முன்னால் இருந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பன்னியா?" என்றாள் அம்மா.

"இப்போ இது தயிர்தானே, பாலாம்பா," என்றார் அப்பா.

அம்மா அன்று ஃபிரிட்ஜை மூன்று முறை கழுவினாள். எல்லாப் பாத்திரங்களையும் புளி போட்டுத் தேய்த்தாள். ஒன்றே ஒன்று மட்டும் அவள் கைக்கு எட்டவில்லை. அந்தக் கிண்ணத்தை அப்பா, ஜெயவேலுவைப் போலவே, மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.