என் பதில் அக்காவிடம்

மதியம் மூன்றரைக்கு மின்னஞ்சல் வந்தது. என் பழைய கணக்கை ஆறு மணிக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் அதிலுள்ள எல்லாம் அழிந்துவிடுமாம். அதில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: தையல்காரரான அப்பா அளவெடுக்கும்போது பதிவு செய்த நான்கு நிமிடக் குரல். அப்பா போய் மூன்று வருடம். வேறு பிரதி கிடையாது.

கடவுச்சொல் மறந்துவிட்டது. பழைய கைபேசி எண்ணும் கையில் இல்லை. மிச்சமிருந்தது பாதுகாப்புக் கேள்வி: "சிறு வயதில் உங்கள் நெருங்கிய நண்பர் யார்?"

இரண்டு பெயர்களை அடித்துப் பார்த்தேன். இரண்டும் தவறு. இன்னும் ஒரு முறைதான் விடுவார்கள்.

ஐந்தேகாலுக்குத்தான் ஞாபகம் வந்தது. உண்மையான பதிலை ஊரே சொல்லிவிடும் என்று, அக்கா கணக்குக்கு நானும் என் கணக்குக்கு அக்காவும் பதில் போட்டிருந்தோம். என் பதில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது. இப்போது அவளோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அந்நேரத்து வெயில் வில்லைகளுக்குள் புகுந்து, சுவரெல்லாம் சின்னச் சின்னக் குளங்களாக ஆடும். ஒரு குளம் என் கைமேல் தளும்பிக்கொண்டிருக்க, அவள் எண்ணை அழுத்தினேன்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"எந்த நான்? குரல் என் தம்பி மாதிரிதான் இருக்கு. ஆனா அவன் வாயைப் பூட்டி ரெண்டு வருஷமாச்சே."

விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லு. அப்பா மெஷினை யாருக்குக் கொடுத்தே?"

எங்கள் பேச்சு நின்றதே அதில்தான். குளங்கள் சுவரில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"யாருக்கும் கொடுக்கலக்கா. வீடு மாத்துறப்ப படியில நழுவ விட்டுட்டேன். ரெண்டா உடைஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."



"இப்பத்தான் நீன்னு தெரியுது. எதை உடைச்சாலும் யாருக்கோ கொடுத்துட்டேம்பே. என் கைக்கடிகாரமும் அப்படித்தானே போச்சு?"

"பதில் என்னக்கா?"

"அக்கான்னு அடி, எருமை."

"எருமையும் சேர்த்தா?"

"உதை வாங்குவே."

ஐந்து நாற்பதுக்குக் கணக்கு திறந்தது. அக்கா இன்னும் தொடர்பில் இருந்த கைபேசியைக் கணினியின் பக்கத்தில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். பல்லிடுக்கில் குண்டூசியைக் கவ்வியபடி அப்பா பேசினார்.

"தோள் பதினாலு. கூன் போடாதம்மா, நேரா நில்லு."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.