சனிக்கிழமைக் கோடு

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எவர்சில்வர் சாமான் தருவதுதான் வழக்கம். ஒரு வருஷம் சம்படம், ஒரு வருஷம் தூக்கு. போன ஆயுத பூஜைக்கு என்ன நினைத்தார்களோ, ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தார்கள். நாடி பார்க்குமாம், தூக்கம் பார்க்குமாம், நடந்தால் கணக்கு வைக்குமாம். கார் வயர் கட்டுகிற வேலை எங்களுடையது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவர்களுக்கு நடை எங்கிருந்து வரும்?

வாங்கியதும் மிஷினோடு சேர்த்து வாட்சையும் பூஜையில் வைத்துவிட்டோம். ஆயுதம் என்று வந்தபின் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? முகப்பில் வைத்தால் கண்ணாடி பாழாகும் என்று அடிப்பக்கம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தோம். மறுநாள் பாதிப் பேருக்கு நாடியே காட்டவில்லை. நாடி பார்க்கிற பச்சை விளக்கு அடிப்பக்கத்தில்தான் இருக்கிறதாம். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இத்தினி பேரு செத்துக் கெடக்கறோம், வேல மட்டும் ஜோரா நடந்துக்கினு இருக்குது பாரு," என்றாள் என் பக்கத்தில் நிற்கிற சுமலதா. அன்று சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. சந்தனத்தைத் துடைக்காமலே விட்டிருக்கலாம்.

என்னுடைய போன் பழசு. அந்த வாட்சோடு அது ஒத்துப்போகவில்லை. அதனால் என் வீட்டுக்காரர் தன் போனில் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் அன்புசெல்வன். பொன்னேரி பஜாரில் உரக்கடையில் வேலை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் போன் ஒருமுறை அதிரும். அன்றைக்கு என் உடம்பு பட்ட பாடெல்லாம் அதில் இறங்கிவிடும்.

"ராத்திரி சரியா தூங்கலியே குணா, இன்னா ரோசன?" என்பார். மோர் கரைத்துக் கொடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைத் தூங்கினாயா என்று கேட்டவர் யாரும் இல்லை. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. குளிக்கும்போது கழற்றினால்கூட, ஈரம் துடைத்ததும் நானே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. மத்தவர்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போவார்கள். நான் எதிர்ப்பக்கம் நடந்து, பெரிய ரோட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டின சந்தில் கடைசி வீட்டுக்குப் போவேன். அங்கே என் தங்கை பூமிகா இருந்தாள். அவளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ரயில் பிடித்துப் பொன்னேரிக்கு வருவேன். சந்தையில் காய் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வேன். அதற்குச் சாட்சியாக முருங்கைக்காயும் வாங்கிக்கொள்வேன்.

பூமிகா ராபினைக் கட்டிக்கொண்டு போனவள். எங்களுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் வயல். ராபினின் தாத்தா எங்கள் களத்தில் நெல் தூற்றியவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா ஆதிநாராயணனை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செய்தி வந்த அன்று நைனா கிணற்றடியில் நின்று தலைமுழுகினார். முழுகியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சித்தப்பாக்களைக் கூட்டிக்கொண்டு போய் ராபின் வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தார். தேடாத ஊரில்லை. "எங்கனா கண்ணுல பட்டா..." என்பார். மீதியைச் சொல்ல மாட்டார். சொல்லாத அந்த மீதிதான் எனக்குப் பயம்.

கும்முடிப்பூண்டியில் இத்தனை கம்பெனி, எங்கெங்கிருந்தோ வந்த இத்தனை சனம். இந்தக் கூட்டத்தில் யார் யாரைக் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் ராபின் அங்கே வேலைக்குச் சேர்ந்து, சந்தில் வீடு பிடித்திருந்தான். ஒருநாள் கம்பெனி வாசலில் நான் தற்செயலாகப் பார்த்துத்தான் தங்கை திரும்பக் கிடைத்தாள். அப்போதே அவளுக்கு முகம் வெளுத்திருந்தது. தைமாதம் ஏழு முடிகிறது என்றாள்.

வளைகாப்பு போட யார் இருக்கிறார்கள் அவளுக்கு? மாமியார் வீடும் வர முடியாது, வந்தால் பின்னாலேயே ஆள் வரும். "நான் போடறேன்டி," என்றேன். பொன்னேரி பஜாரில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி, உடையாமல் துணியில் சுற்றி, டிபன் பையின் அடியில் வைத்தேன். பொங்கல் கழிந்த சனிக்கிழமை என்று பேச்சு. சுமலதாவும் கூட வருவதாக இருந்தது. புளிசாதம் அவள் பொறுப்பு.

பொங்கலுக்கு நைனா சீர் கொண்டுவந்தார். புது அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து, எனக்குப் புடவை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு மாமனாரிடம் பெருமை பேச வேறு ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. போனை எடுத்தார்.

"மாமா, இத பாருங்க. உங்க பொண்ணு எவ்ளோ நேரம் தூங்குது, நாடி எப்டி ஓடுது, எங்க நடக்குது, அல்லாம் இதுல தெரியும்."

எங்க நடக்குது. அந்தச் சொல் எனக்குப் புதுசு. நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். வைத்தியர் பின்னாலேயே நடந்து வருவார் என்று யார் சொன்னது?

நைனாவுக்கு எழுத்து தகராறு. ஆனால் வயல் எல்லை போட்ட புலப்படம் என்றால் தண்ணி பட்ட பாடு. ஒரு வரப்புக்காக வாழ்நாளில் பாதியைக் கோர்ட்டில் கழித்தவர். போனைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பெரிசாக்கிக் காட்டினார் மாப்பிள்ளை. சிவப்புக் கோடு ஒன்று நெளிந்து போயிற்று.

"இது கம்பெனி. இது பெரிய ரோடு. பஸ்ஸு நிக்கிறது இந்தாண்ட. கோடு ஏன் அந்தாண்ட போவுது?"

"அது சனிக்கெழம நடந்தது மாமா," என்று தேதியைப் பார்த்தார் என் வீட்டுக்காரர். முந்தின சனியைத் தட்டினார். அதே கோடு. அதற்கு முந்தினது, அதே கோடு. ஏர் ஓட்டின சால் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அவர் இதுவரை நாடியையும் தூக்கத்தையும் தாண்டிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரு ஊடும்மா அது?" என்றார் நைனா. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சுமலதா ஊடு நைனா. என்னோட வேல செய்யற பொண்ணு. சனிக்கெழமைல அங்க போய் சாப்ட்டு, அப்டியே காய் வாங்கிக்கினு வருவேன்."

நன்றாகத்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. கையில் கரும்புத் துண்டு இருந்தது, அதையும் கீழே போடவில்லை. ஆனால் நைனாவின் கையில் இருந்த போன் விர்ரென்று அதிர்ந்தது.

"இன்னா இது?" என்றார் நைனா.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒக்காந்துக்கினு இருக்கும்போதே நாடி ஏறுதாம் மாமா. குணா, இன்னா பண்ணுது? தண்ணி குடிக்கிறியா?"

தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார். நைனா அசையவில்லை. போனைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பெற்ற அப்பா முன்னால் துணியில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது எனக்கு. வாயைக் கட்டலாம், கண்ணைக் கட்டலாம். நாடியை எதைக் கொண்டு கட்டுவது?

"வர்ற சனிக்கெழம டிராக்டர் சாமான் வாங்கக் கும்முடிப்பூண்டி வரேன். அப்டியே உன் சிநேகிதி ஊட்டையும் பாத்துட்டுப் போறேன்," என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

மறுநாள் கம்பெனியில் சுமலதாவின் போனை வாங்கி, பாத்ரூமில் நின்று பூமிகாவிடம் பேசினேன். அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "அய்யோ அக்கா, இப்பத்தான் பால்காரரு பழக்கமானாரு," என்றாள். அதைக் கேட்டு அழுதது நான்தான். ராபின் அன்றைக்கே கிளம்பலாம் என்றானாம். எங்கே என்று அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாத," என்றேன். "ஊரு பேரு கூட வேணாம். எனக்குத் தெரிஞ்சா வராம இருக்க மாட்டேன். வந்தா கோடு உழும்."

"அப்ப வளையலு?"

போன் நம்பரையும் மாற்றிவிடச் சொன்னேன். சொன்னபடி செய்துவிட்டாள். சிறு வயதில் ஒரு நாளாவது நான் சொன்னதைக் கேட்டிருப்பாளா? இதை மட்டும் கேட்டாள்.

ஆஸ்டலில் இருந்த சுமலதாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் வாய் நீளமே தவிர மனசு தங்கம். பூமிகா காலி செய்த வீட்டுக்குத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிவந்தாள். என் பொய்யை உண்மையாக்க அவள் குடித்தனம் வைத்தாள்.

"இந்தச் சனியன என் கையில கட்டு. நான் போட்டுக்கினு திரியறேன், நீ நிம்மதியா இரு," என்றும் சொன்னாள். ஒரு நாள் கட்டியும் பார்த்தாள். வேலை முடிகிற வரை அவள் கையில் இருந்தது. மதியம் சாம்பாருக்காக கேண்டீன்காரனோடு அவள் போட்ட சண்டையெல்லாம் என் கணக்கில் ஏறிவிட்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்கி நாடி வேற யாரோடதோ மாதிரி இருக்குதே, ஜொரமா?" என்று சுக்குக் கஷாயம் வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

கழற்றி எறிந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அது கேள்வி. கட்டிய பிறகு கழற்றினால், ஏன் கழற்றினாய் என்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நைனா அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

சொன்ன சனிக்கிழமை நைனா கம்பெனி வாசலில் நின்றார். கோட்டின் மேலேயே இரண்டு பேரும் நடந்தோம். சுமலதா வாசலில் நின்று, "வாங்க நைனா," என்று சொந்தம் மாதிரி கூப்பிட்டாள். புளிசாதம் செய்திருந்தாள். நைனா சாப்பிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பூமிகா மாதா படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. ஐயோ, அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

"முன்ன யாரு இருந்தாங்க இங்க?"

"வடக்கத்திப் பசங்க நைனா. ஒரே பேஜாரு, குட்காவா துப்பி வெச்சிருந்தானுங்க," என்றாள் சுமலதா, கண்ணைக்கூட இமைக்காமல். அவள் கையில் வாட்ச் இல்லை. கொடுத்துவைத்தவள்.

நைனா கை கழுவிக்கொண்டு அந்த ஆணியை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். தெருமுனையில் என்னிடம், "நல்ல பொண்ணாக் கீது. வாரா வாரம் வந்துட்டுப் போ," என்றார். நம்பித்தான் சொன்னாரா, இல்லை என்னைக் கோட்டில் கட்டி வைத்துவிட்டுப் போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தெரியாததால் வாராவாரம் போகிறேன். மழை பெய்தாலும் போகிறேன். ஒரு சனி கோடு விழாவிட்டால், அங்கே இருந்தவள் பூமிகாதான் என்று நானே படம் போட்டுக் காட்டினது மாதிரி ஆகிவிடும். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் நைனா மாப்பிள்ளைக்குப் போன் செய்கிறார். நெல் விலை பேசுவார், உரம் வந்ததா என்பார். கடைசியில், "குணா போய்ட்டு வந்துச்சா?" என்பார். "வந்துச்சு மாமா, இதோ கோடு இருக்குது," என்பார் இவர்.

சுமலதா டீ போட்டுக் கொடுப்பாள். நான் சுவரோரம், பூமிகா காலை நீட்டி உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். டிபன் பையில் வளையல் அப்படியே இருக்கிறது. தை போய் மாசி போய்ப் பங்குனியும் போய்ச் சித்திரை வந்துவிட்டது. குழந்தை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா, சுகமா, தாய் பிழைத்தாளா, ஒன்றும் தெரியாது. பால்காரர் மட்டும் ஒருநாள், "முன்ன இருந்த பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் சொன்னது ஒன்றுதான் சத்தியமான உண்மை.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"குணா, ஒண்ணு கவனிச்சேன். அந்தச் சந்துகிட்ட போனாலே உனக்கு நாடி எகிறுது. வாராவாரம் இப்டித்தான். டாக்டராண்ட காட்டலாமா? எனக்கு பயமாக் கீது."

உண்மையாகவே பயந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. இவரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. இவர் யாரிடமும் சொல்ல மாட்டார். ஆனால் இவருக்கு மறைக்கத் தெரியாது. மாமா கேட்டால் போனை எடுத்து நீட்டிவிடுவார்.

"ஒண்ணும் இல்லீங்க. அந்தச் சந்து கொஞ்சம் மேடு. ஏறி எறங்கறதுல மூச்சு வாங்குது."

கும்முடிப்பூண்டியில் மேடு ஏது? பலகை மாதிரி கிடக்கிற ஊர். அவர் கையில் போன் அதிர்ந்தது. அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரி," என்றார். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "லூசாக் கீது, அதான் தப்புத் தப்பா காட்டுது," என்று வாட்ச் வாரை ஒரு ஓட்டை தள்ளி இறுக்கிக் கட்டினார்.