சாம்பல் நாட்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தங்கையிடம் வாங்கிய திட்டில் பிறந்தது. காட்டுத்தீ அணைக்கும் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறாள். நான் எழுதிய முதல் வரி: "வானளாவிய தீயின் நடுவே அவள் தண்ணீர்க் குழாயை உயர்த்திப் பிடித்து நின்—"

அதோடு பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"அங்க எங்கண்ணா குழாய்? மண்வெட்டியும் ரம்பமும்தான். தீ வர்ற வழியில செடியெல்லாம் வெட்டி, வெறுந்தரையாக்கணும்."

2

(தீ அடங்கிய பிறகும் பாதி வேலை பாக்கி என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டி, சூடில்லை என்றால் உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அடி அடியாக, மலை முழுக்க. தீ எரியும் நாளுக்கு முழுக்கூலி, சாம்பல் நாளுக்குப் பாதி. "ஆறிவிட்டது" என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் நின்றுவிடும். எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ, எனக்கு ஆத்திரமாக வருகிறது.)

3

இந்த வருடம் தங்கை ஒரு தப்பு செய்தாள். சாம்பல் வேலையின் பன்னிரண்டாம் நாள் ஒரு சரிவை ஆறிவிட்டதென்று எழுதிக் கொடுத்தாள். மண்ணுக்கடியில் ஒரு வேர் கனன்றுகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து அங்கே புகை. கூலியில்லாமல் தனியாகவே போய் அணைத்துவிடலாம் என்று வண்டியில் ஏறினால், குழுவின் மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இறங்குங்க, இது என் தப்பு."

"பாதிக் கூலிக்கு யாருக்குத்தான் முழுக் கண்ணு தெரியும்? வண்டிய எடு," என்றாராம் 'மீசை' என்று அவர்கள் கூப்பிடும் குழுத் தலைவர்.

(வேரை வைத்து இங்கே ஏதாவது தத்துவம் பேசலாமா என்று கை அரித்தது. வேண்டாம்.)

4

வேரைத் தோண்டி எடுத்த கையோடு, ஆறு பேரும் சேர்ந்து வனத்துறை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சாம்பல் நாளுக்கும் முழுக்கூலி வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருட ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடமாட்டோம். பதில் சொல்ல அவருக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். தங்கைக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை தயாராக இருக்கிறது, ஒன்றரை மடங்கு சம்பளத்தில்.

"பேசாம அங்க போயிடேன்மா," என்றேன்.

"எனக்கு இந்த வேலைதான்ணா பிடிச்சிருக்கு. பிடிச்ச வேலையே சோறும் போடணும்னு கேக்குறேன், அவ்வளவுதான்."

5

முடிவு ஒன்று: அதிகாரி மறுத்தார், அவள் கிடங்குக்குப் போனாள். தங்கை கோடு போட்டு அடித்தாள். முடிவு இரண்டு: அதிகாரி உடனே சம்மதித்தார். அதற்கும் கோடு.

"நடக்காததை எழுதாத. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

நேற்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆறு பேரும் நேரில் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். ஆறு வருடத்தில் இவர்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கப் போவதுமில்லை.

ஆனால் மிச்சத்தை நான் எழுதமாட்டேன். அதிகாரியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கடிதத்தைப் படித்துவிட்டீர்கள். எதிரே ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.