கோணல் தையல்

இஸ்திரிப் பெட்டி சூடேறும்வரை ஸீனத் கடையின் பின்னறையில் சேலைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற தையல் கடை அது. சேலையின் கீழ்க்கரைக்கு உள்ளே பட்டைத்துணி வைத்துக் கையால் தைப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. தைத்து வருவதைச் சரிபார்த்து, இஸ்திரி போட்டு மடித்து வைப்பது ஸீனத்தின் பொறுப்பு.

சாம்பவி தைத்த சேலையை அவள் எப்போதும் கடைசியில்தான் எடுப்பாள். பார்க்க ஆசையாயிருக்கும். வெளிப்பக்கம் ஒரு நூல் தெரியாது. உள்ளே எறும்பு வரிசை போலத் தையல் போய்க்கொண்டே இருக்கும். "இந்தப் புள்ளட கைக்குள்ள கோடு போடுற அடிமட்டம் ஈக்குது" என்று எத்தனையோ தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

சாம்பவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு கிழமைதான், பதினாலே நாள். வயிறு மேசையில் முட்டும்வரை வேலைக்கு வந்தவள். "வீட்டில இருந்தெண்டாலும் தையும். இல்லாட்டி அந்தக் கதிரைக்கு நான் வேற ஆள் பாக்கவேணும்" என்று முதலாளி நாகமணி சொல்லிவிட்டார். கணவன் ஜனா கட்டார் நாட்டில் வேலை செய்கிறான். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு அவள் தைக்கத் தொடங்கினாள்.

அன்று வந்திருந்தது அரக்கு நிறப் பட்டு. பாதி தூரம் பழைய சாம்பவிதான். அதன்பிறகு தையல் மெல்லக் கீழே சரிந்தது. இன்னும் கொஞ்சம் போக நூல் வெளிப்பக்கம் தலை நீட்டியது. கடைசி ஒரு முழத்தில் ஊசி பட்டைத்துணியையே தொடவில்லை. வெறும் பட்டில் குத்திக் குத்திப் போயிருந்தது. ஸீனத் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

நாகமணி எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்றாவி இது? கொண்டுபோய்க் குடு, பிரிச்சுத் தைக்கட்டும். நாளைக்குப் பின்னேரம் கலியாணக்காரர் வருவினம்."

ஸீனத் சேலைப் பையோடு போனபோது மாடி வீட்டின் கதவைத் திறந்தது சாம்பவியின் மாமியார் இரத்தினம்மா. மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்றே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறவர். வீடு முழுக்க உள்ளியும் மிளகும் மணத்தது.

"வாரும் பிள்ளை. பாரும், பிள்ளை பெத்தவைக்கு வைக்கிற என்ர சரக்குக் கறியில மருமேள்ட முகம் எப்பிடித் தெளிஞ்சு போச்செண்டு."

சாம்பவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. முகம் தெளிந்ததாக ஸீனத்துக்குத் தோன்றவில்லை. இமைகள் வீங்கியிருந்தன. விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"தல வலிக்குதா புள்ள?"

"ரெண்டு நாளா விடாம இடிக்குது அக்கா. தலை முழுகினது, குளிர் பிடிச்சிட்டுது எண்டு மாமி சொல்லுறா." சாம்பவி சேலையைத் தடவினாள். "கோணிப்போச்சோ? கண்ணுக்குள்ள மின்மினி மாதிரிப் பறக்குது. ஒரு ஊசி ரெண்டாத் தெரியுது. எது உண்மையான ஊசியெண்டு பாத்துப் பாத்துத் தைச்சனான்."

"மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சென்னீங்களா?"

இரத்தினம்மா முந்திக்கொண்டார். "காலமை அவ ஃபோன் எடுத்தவ. இவள் நித்திரை, நான்தான் கதைச்சனான். எனக்கென்ன சிங்களம் தெரியாதோ? எஸ், எஸ் எண்டு கேட்டவ. எஸ்வஹ எண்டால் கண்ணூறுதானே? அதெல்லாம் உப்பு மிளகாய் சுத்திப் போட்டாச்சு, ஹரி மிஸ், ஹரி எண்டனான். அவவும் சந்தோசமா வச்சிட்டா."

ஸீனத் பம்பலப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அம்மா, எஸ் எண்டா வெறும் கண்ணு. எஸ் பொந்த வெனவத எண்டுதான் கேட்டிருப்பாங்க. கண்ணு மங்குதா எண்டு. நீங்க எல்லாம் சரியெண்டு செல்லீட்டீங்க."

ஸீனத் அந்த இலக்கத்துக்கே அழைத்துத் தலைவலியையும், வீக்கத்தையும், மின்மினியையும், இரண்டு ஊசியையும் சொன்னாள். மறுமுனையில் மிட்வைஃப் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்: இப்போதே ஆஸ்பத்திரிக்கு, ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

"முப்பத்தொண்டாம் நாள் கழியேல்லையே பிள்ளை. துடக்கோட, தீட்டோட வாசல் தாண்டுறதோ?" என்றார் இரத்தினம்மா.

"எங்கட ஊட்டுலயும் நாப்பது நாள் ஈக்குது அம்மா. நாப்பதக் காண ஆள் உசுரோட ஈக்கோணுமே."

பிள்ளையைத் துணியில் சுற்றி இரத்தினம்மாவே முதலில் படியிறங்கினார்.

களுபோவிலை ஆஸ்பத்திரியில் கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்த தாதி இரண்டாவது தடவை பார்க்கவில்லை, ஓடினாள். கட்டிலில் கிடத்திய கணத்தில் சாம்பவியின் வலக்கை விறைத்தது. தைக்கிற அந்த விரல்கள் உள்ளே மடங்கின. உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. நாலு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவளைச் சரித்துப் பிடித்தார்கள். ஒருத்தி ஊசி ஏற்றினாள். ஸீனத் சுவரோடு ஒட்டி நின்று கலிமாச் சொன்னாள். பக்கத்தில் இரத்தினம்மா முருகா, முருகா என்றார். இழுப்பு நின்றது.

பிள்ளை பிறந்தவுடன் பிரஷரும் போய்விடுமென்று நினைப்பதுதான் பிழை, ஆறு கிழமை வரைக்கும் அது வந்து இப்படி வலிப்பில் கொண்டுவிடலாம் என்று இளம் டொக்டர் சொன்னார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். ஸீனத் சேலைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சாம்பவி கண் விழித்துப் பிள்ளையைக் கேட்டாள். நேற்று வில்லாய் வளைந்த உடம்பு அது. இன்று பிள்ளை அழ முன்னரே அதில் பால் கசிந்து சட்டை நனைந்தது. ஸீனத் பார்த்துக்கொண்டே இருந்தாள். தானும் மூன்று பெற்றவள்தான். ஆனாலும் இப்படியொரு அதிசயத்தை இன்றுதான் பார்ப்பதுபோல அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அல்லாஹ், இந்த உடம்புக்குள்ள என்னத்த வச்சிருக்கிறாய் என்று நினைத்தாள்.

அப்போது நாகமணியின் அழைப்பு வந்தது.

"ஆள் எப்பிடி? சுகமே? சரி, சரி. அந்தப் பட்டு என்ன மாதிரி? கலியாணக்காரர் வெளிக்கிட்டிட்டினம். இண்டைக்கு அது வராட்டி ரெண்டு பேரும் வரத் தேவையில்லை."

ஸீனத் ஃபோனை வைத்துவிட்டுப் பையிலிருந்து சேலையையும் தையல் சாமான்களையும் எடுத்தாள். கோணல் தொடங்கிய இடத்தில் கத்தரிக்கோல் நுனியை விட்டாள். உயிருக்கு வந்த ஆபத்தைக் காட்டிக்கொடுத்த நூல் தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தது. பட்டில் சின்னச் சின்னத் துளைகள் மட்டும் மிஞ்சின. அவள் ஊசி கோத்துத் தைக்கத் தொடங்கினாள். அவளுடைய கை சாம்பவியின் கை அல்ல. கரை சுருங்கிச் சுருங்கி வந்தது.

"அக்கா, இஞ்ச கொண்டாங்கோ. ஒருத்தர் இழுத்துப் பிடிக்காட்டி நேரா வராது."

"நீ படு புள்ள."

சாம்பவி கேட்கவில்லை. இடக்கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டி தானாகக் காற்றேறி இறுகிக்கொண்டிருந்தது. மற்றக் கையை நீட்டி, வீங்கிய விரல்களால் சேலையின் கரையை அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.