ஜோடிப் பேர்

கிறிஸ்துதாஸுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். மூத்த மகள் பேர் அனிட்டா, இளைய மகன் பேர் ரெக்ஸ். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காது ஒத்துக்கொள்கிறதா? அப்போதிருந்த பங்குச் சாமியார் வைத்த பேர்கள் அவை, என் கையில் ஒன்றும் இல்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தவறு நடக்காது என்று மனிதர் கறுவிக்கொண்டு காத்திருந்தார்.

கச்சிராயபாளையம் ரோட்டை ஒட்டிய அவர் தெருவில் இந்த ஜோடிப் பேர் ஒரு தொத்து வியாதி. ஒரு வீட்டில் தர்ஷன், வர்ஷன். மூன்றாவதும் பையனாகிவிடவே மர்ஷன். மர்ஷன் என்றால் என்ன என்று கேட்டால் பெற்றவர்களே முழிப்பார்கள். பக்கத்து வீட்டில் தெய்வசிகாமணியின் பேத்தி அபிநயா, அதனால் பேரன் அபினேஷ். சாதி, மதம் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்தக் கூத்தில் எல்லோரும் ஒன்றுதான்.

ரெக்ஸின் மனைவி பிரின்சிக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்றே கிழவர் பேரை அறிவித்துவிட்டார். ஜெர்லின், மெர்லின்.

"அதுக்கு இன்னா அர்த்தம் மாமா?" என்று பிரின்சி படுத்தபடியே கேட்டாள்.

"அர்த்தத்த வெச்சிக்கினு இன்னாம்மா பண்றது? வாசல்ல நின்னு கூப்ட்டுப் பாரு. பாட்டு மாதிரி இருக்குதா இல்லியா?"

இருந்ததென்னவோ உண்மை. பிரின்சியும் கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் பிடித்துத்தான் போயிற்று.

ரெக்ஸ் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து கீழே ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் இறக்குவான். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆன மறுநாளே வண்டியின் முன்கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். ஜெர்லின், நடுவில் ஓர் இதயம், மெர்லின். மலையில் அந்த வண்டிக்கு அதுவே பேராகிவிட்டது.

ஒரு வயது முடியும் முன் மெர்லினுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். அதே வண்டியில், முன் சீட்டில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பிரின்சி கள்ளக்குறிச்சிக்குப் போனாள். உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடியில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். வழியெல்லாம் அந்தத் திருப்பிப் போட்ட பேரையே பார்த்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போதும் பிள்ளை மடியில்தான் இருந்தது. எழுத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கோவில் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் முழ உயரச் சிமெண்டுச் சிலுவை ஒன்றை நட்டு, அதில் மெர்லின் என்று கறுப்பு பெயிண்டில் எழுதினார்கள்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் ரெக்ஸ் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வண்டிமேல் ஏறினான். பாதி ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு. பிரின்சி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"கிழிக்காதீங்க. அவதான் இல்ல. அவ பேராவது மலையச் சுத்திக்கினு கெடக்கட்டும்."

அவன் பிளேடைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழே இறங்கி, சக்கரத்தில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அன்றைக்கு அவனைப் பிடித்ததுபோல் அவளுக்கு அதற்கு முன்னும் பிடித்ததில்லை, பிறகும் பிடித்ததில்லை.

அதற்கப்புறம் எப்போதாவது அவனோடு மலைக்குப் போவாள். வேலை ஒன்றும் கிடையாது. வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் கிழங்கு போடும் சின்னராசு, வளைவில் வண்டியைக் கண்டதுமே, "ஜெர்லின் மெர்லின் வண்டி வந்துடுச்சி, எழுந்திருங்கப்பா" என்று ஆட்களை எழுப்புவான். அதைக் கேட்கத்தான் போவாள். செத்த பிள்ளையின் பேரை அழாமல், தயங்காமல், குரல் தாழ்த்தாமல் உலகத்தில் ஒரு மனிதன் சொன்னான் என்றால் அது அவன்தான். ஊரில் எல்லோரும் அந்தப் பேரை வாயால் சொல்லக்கூடப் பயந்தார்கள்.

அந்தப் பயமெல்லாம் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. நாலு வருடம் கழித்துப் பிரின்சிக்கு இன்னொரு பெண் பிறந்தது. என்ன பேர் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது கிறிஸ்துதாஸ் வெற்றிலையை மென்றபடி சொன்னார்.

"எதுக்குத் தேடிக்கினு கெடக்குறீங்க? பேருதான் ரெடியா இருக்குதே."

கிழவர் வாய் தவறிச் சொல்கிறார் என்றே பிரின்சி நினைத்தாள். "அது செத்துப்போனவ பேரு மாமா."

"அவளே திரும்பி வந்துட்டான்னு நெனச்சிக்கோயேன். ஜெர்லின், மெர்லின். தெருவுல இப்பிடி ஒரு ஜோடிப் பேரு எவன் வூட்லயாவது இருக்குதா? ஸ்டிக்கரும் அப்பிடியே இருக்குது."

"நான் ரீத்தான்னு நெனச்சி வெச்சிருக்கறேன்."

"ஜெர்லின், ரீத்தா!" அவர் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். "ஒண்ணு இங்கிலீஷ் மீடியம், ஒண்ணு கன்னியர் மடமா? கூப்ட்டா ஒட்டவே இல்லியே."

மாமியார் அமலோற்பவத்துக்கு ஓசையைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு வேறு கவலை. "ஜோடியா வெச்ச பேரு ஒத்தையா நிக்கக்கூடாது பிரின்சி. பெரியவளுக்கு ஆவாது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கணும் இல்ல?" என்றாள். பிரின்சி போய் ஜெர்லினின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளுக்காகப் பேசியது நாத்தனார் அனிட்டா ஒருத்திதான். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீஸில் வேலை. குழந்தை பார்க்க வந்தவள் அப்பாவை நேராகவே கேட்டாள்.

"எனக்கும் ரெக்ஸுக்கும் பேரு ஒட்டல. அதுக்காக நாங்க அடிச்சிக்கினு கோர்ட்டுக்கா போனோம்? நீங்க கிறிஸ்துதாஸ், சித்தப்பா கிறிஸ்துராஜ். பேரு என்னமா ஒட்டுது! ஒரு வரப்புக்காவ இருவது வருஷமா அவரு மூஞ்சிய நீங்க பாக்கறதில்ல."

கிழவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மகள் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லை என்றால் ஒத்துக்கொண்டார் என்று பிரின்சி எண்ணிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருடம் ஆகியும் அவளுக்கு இது புரியவில்லை பாருங்கள்.

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ரெக்ஸிடம் மறுபடியும் கேட்டாள்.

"சாமியார் கேட்டா ரீத்தான்னு சொல்லலாம் இல்ல?"

"உன் இஷ்டம்தான் பிரின்சி. பெத்தவ நீதான?" என்றான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

மறுநாள் திருப்பலி முடிந்து ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றார்கள். சாமியார் புதியவர், இளவயது. குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?" என்று கேட்டார். பிரின்சி குழந்தையின் லேஸ் தொப்பியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"மெர்லின், ஃபாதர்" என்றான் ரெக்ஸ்.

அவள் பக்கம் அவன் திரும்பவில்லை. பின்னால் கிறிஸ்துதாஸ் திருப்தியாகத் தொண்டையைச் செருமுவது கேட்டது. அனிட்டா ஞானத்தாயாக மெழுகுவர்த்தியோடு நின்றவள், தலையைக் குனிந்துகொண்டாள். கோவில் நிறைய ஜனம். கத்தலாம், தொட்டியைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று கத்தலாம் என்று பிரின்சி நினைத்து முடிப்பதற்குள் மூன்று தடவை தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. குழந்தை வீரிட்டு அழுதது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத்தான் அவளுக்குக் கை வந்தது.

விருந்து முடிந்து எல்லோரும் போனபின் வண்டியருகே வைத்துக் கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"காலைல அப்பா என்னப் புடிச்சிக்கினு வுடல. வயசானவரு, இன்னா பண்றது?" அவன் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அது மட்டும் இல்ல பிரின்சி. புதுப் பேரு வெச்சா ஸ்டிக்கரு மாத்தணும். இந்த எழுத்து டிசைன் இப்ப எங்கியும் வர்றதில்ல. ஒண்ணு ஒரு தினுசு, ஒண்ணு ஒரு தினுசுன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

பிரின்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாலு வருடமும் செத்த மகளைத்தான் இவன் மலைமேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான் என்று நம்பியிருந்தாள். அவன் ஏற்றி இறக்கியது வெறும் ஸ்டிக்கரை. கிழிக்காதே என்று கையைப் பிடித்ததே தான்தானே என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் தன்மேலேயே திரும்பியது. அன்றைக்கு அந்தப் பிளேடைத் தடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்குப் பேர் செத்தவளிடமே இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவள் மலைக்குப் போகவில்லை. சின்னராசு அதே குரலில்தான் அழைத்துக்கொண்டிருப்பான். அது இப்போது யாருடைய பேர்?

வீடு நிறைய மெர்லின் மெர்லின் என்று சத்தம் எழுந்தது. தாத்தா வாசலில் நின்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு அழகு பார்த்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "ரெண்டு பேருக்கும் எவ்ளோ மேட்ச்சா பேரு வெச்சிருக்கீங்க!" என்று மெச்சினாள். பிரின்சி சிரித்துவைத்தாள். அவள் மட்டும் சின்னவளைப் பாப்பா என்றே கூப்பிட்டாள். சோறு ஊட்டும்போதும் பாப்பா, அடிக்கும்போதும் பாப்பா. அவள் அப்படித்தான், செல்லம் ஜாஸ்தி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பாப்பா வளர்ந்து எல்கேஜி முடித்து, யூகேஜியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருடம். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் சாமந்திப்பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு, இரண்டு பெண்களோடு பிரின்சி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அமலோற்பவம் முன்பே வந்து, முதல்நாள் சுண்ணாம்பு அடித்த கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சிலுவை தலைமுதல் கால்வரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பேர் இல்லை.

"எழுத்து எங்க அத்த?"

"நான்தான் ரெண்டு பூச்சு பூசிட்டேன்." குரலில் மெச்சுதலை எதிர்பார்க்கும் ஒரு கனிவு இருந்தது. "சின்னது இப்ப எழுத்துக் கூட்டுது. தன் பேரக் கல்லறையில பாத்தா பயந்துக்காதா? உசுரோட இருக்கிற புள்ள பேரு இங்க இருக்கலாமா?"

"அப்ப இவளுக்கு இன்னா பேரு?" பிரின்சி மண்ணைக் காட்டினாள்.

"அவதான் மோட்சத்துல றெக்க வெச்ச சம்மனசு ஆயிட்டாளேடி. சம்மனசுக்கு எதுக்குப் பேரு?"

கிழவி கெட்டவள் இல்லை. இந்தக் கல்லறைக்கு வருடம் தவறாமல் புல் பிடுங்குகிறவள் அவள்தான். அதனாலேயே பிரின்சிக்கு நெஞ்சு எரிந்தது. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோருமாகச் சேர்ந்து அவள் பிள்ளையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். கண்ணாடியில் இருப்பது அவள் பேர் இல்லை, கோவிலில் சொன்னது அவள் பேர் இல்லை, கடைசியில் அவள் தலைமாட்டிலும் இல்லை.

பெண்கள் இரண்டும் பக்கத்துக் கல்லறைகளில் உருகி வழிந்த மெழுகைப் பொறுக்கி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தன. சாமியார் வரிசையாக ஒவ்வொரு கல்லறையாக வந்தார். நின்று, பேர் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தம் தெளித்தார். வெள்ளைச் சிலுவைக்கு முன்னால் வந்ததும் எழுத்தைத் தேடிவிட்டுப் பிரின்சியைப் பார்த்தார்.

"இங்க யாரும்மா? பேரு சொல்லுங்க."

இந்தத் தடவை யாரும் முந்திக்கொள்ளவில்லை. பக்கத்தில் ரெக்ஸ் இல்லை, மாமனார் இல்லை. மாமியார்கூடப் பிடுங்கிய புல்லோடு ஒதுங்கி நின்றாள். அத்தனை வருடம் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததை, அந்தத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி பிரின்சி சொன்னாள்.

"மெர்லின்!"

"இன்னாம்மா?"

கையிலிருந்த மெழுகு உருண்டையைப் போட்டுவிட்டுச் சின்னவள் ஓடி வந்தாள். கல்லறையைத் தாண்டி, சாமந்தியை மிதித்துக்கொண்டு வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னத்தான கூப்ட்ட?"

சாமியார் கையில் தீர்த்தத்தோடு காத்துக்கொண்டு நின்றார். பிரின்சி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா பாப்பா. உன்னத்தான்" என்றாள்.