ஊசியா, மயக்கமா

பஞ்சாலையில் முப்பது வருடம் மூட்டை பிரித்தவர் அவள் கணவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. எழுத்தும் தெரியாது. இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் இப்போது புரை முற்றி, அவள் கைஜாடை புகைக்குள் ஆடுவது மாதிரிதான் தெரிந்தது.

"ஆபரேஷனுக்குக் காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா மயக்க விஷயத்துல நீங்கதான் முடிவு சொல்லணும்" என்றார் மயக்க மருந்து டாக்டரம்மா. "முழு மயக்கம் குடுத்தா அசையமாட்டார். ஆனா நெஞ்செல்லாம் தூசி, எழுந்திரிப்பாரான்னு உறுதி சொல்ல முடியாது. கண்ணுக்குப் பக்கத்துல ஊசி போட்டா உயிருக்குப் பயமில்ல. ஆனா முழிச்சிருப்பார், முகத்தை மூடிடுவோம். 'அசையாதீங்க'ன்னு நாங்க சொன்னா அவருக்குக் கேக்காதே."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. ஜாடையில் அத்தனையும் அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் அவள் பக்கம் விரலை நீட்டினார்: உன் இஷ்டம். பிறகு, இவள் திட்டுவது காதில் விழாததால்தான் இத்தனை வருடம் குடித்தனம் ஓடியது என்று டாக்டருக்கு ஜாடை காட்டிச் சிரித்தார்.

"ஊசியே போடுங்க டாக்டரம்மா. ஆள் இருந்தா போதும். நான் கூடவே நின்னு கையைப் பிடிச்சுக்கறேன்."

நான்கு நாள் வீட்டில் பழகினார்கள். உள்ளங்கையில் ஒரு அழுத்தம் என்றால், அசையாதே. இரண்டு என்றால், முடிந்தது, எழுந்திரு. அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஆபரேஷன் அறையிலும் கட்டை மாதிரிக் கிடந்தார். அரைமணி ஆயிற்று. இருமல்கூட வரவில்லை. குனிந்தே நின்றதில் அவளுக்குத்தான் விரல்கள் மரத்துப்போயின. பிடி நழுவப் பார்த்தது. சட்டென்று இறுக்கினாள். சரியாக அமையாமல் மறுபடியும் இறுக்கினாள்.

அவர் தலையைத் தூக்கினார்.

"பிடிங்க! தலையைப் பிடிங்க!" என்று ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் கத்தியது அறையில் எல்லாருக்கும் கேட்டது, அவரைத் தவிர.

கண்ணுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது. பிறகு செய்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. "யார் மேலயும் தப்பில்லம்மா. பாவம், பயந்துட்டார்" என்றார் பெரிய டாக்டர். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வழியும் இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஓங்கி அடித்துக்கொண்டாள். அவர் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தடவித் தடவி அவள் முகத்தைக் கண்டுபிடித்து, கண்ணீரைத் துடைத்துவிட்டார். தனக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கண்கட்டை அவிழ்த்த பிறகு ஒரு காலை, ஜன்னல் வெயில் கட்டில் வரை வந்திருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, அவள் இல்லாத பக்கம் திரும்பி, சுவிட்சைத் தட்டுவது போல விரலை அசைத்தார்: விளக்கைப் போடு.

பழக்கதோஷத்தில் பதில் ஜாடைக்காக அவள் கை எழுந்தது. பாதியில் நின்றது. அவர் முகத்தைத் திருப்பாமல் காத்துக்கொண்டிருந்தார்.